பட்டி விளக்கின் முதுகு

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய கடைத்தெருக்களிலும், உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை விடுதிகளிலும், கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களிலும் பெயர்ப்பலகை, கூரையோரம், முச்சக்கரவண்டியின் உட்கூரை, படகின் அணியம் என்று இடம் பாராமல் ஒட்டப்படும் எல்.ஈ.டி. பட்டி, பாடநூல் வழக்கில் ஒளிகாலும் இருவாயி எனப்படும் சிறு விளக்குகளை வரிசையாகப் பதித்த, பெரும்பாலும் பத்து மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு நாடாவாகும். இருவாயி என்பது மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் குறைகடத்திச் சாதனம். அதனுள் இருவகைக் குறைகடத்திகள் சந்திக்கும் மெல்லிய எல்லையை, அதாவது சந்தியை, மின்னோட்டம் கடக்கும்போது அங்கே ஒளி பிறக்கிறது. வெள்ளையாகத் தெரியும் பட்டியில் உண்மையில் பிறப்பது நீல ஒளியே. மேலே பூசிய மஞ்சள் ஒளிர்பொருள் அதில் ஒரு பங்கை உறிஞ்சி மஞ்சளாக வெளிவிட, எஞ்சிய நீலமும் அந்த மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகின்றன. அந்த நீல விளக்கைச் சாத்தியமாக்கிய இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகாமுரா மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது.

பட்டியை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தால் அதன் கட்டமைப்பு வெறுங்கண்ணுக்கே புலப்படும். மூன்று விளக்குகள், அவற்றிடையே மேலே இலக்கம் பொறித்த கறுத்த தடையி, பிறகு ஒரு வெட்டுக்கோடு, அதன் இருபுறமும் ஈயம் பற்றவைப்பதற்கான செப்புத் திட்டுகள் என்று ஒரே அடுக்கு திரும்பத் திரும்ப வரும். 12 வோல்ற்றுப் பட்டியில் விளக்கொன்றுக்கு ஏறத்தாழ மூன்று வோல்ற்றாக மூன்று விளக்குகள் ஒன்பது வோல்ற்றை எடுத்துக்கொள்ள, மீதி மூன்று வோல்ற்றைத் தடையி தன்மேல் ஏற்று ஓட்டத்தை மட்டுப்படுத்துகிறது. வாங்கும் மின்சக்தியில் கால்பங்கு ஒளியாக முயலாமலே நேரே வெப்பமாகிப் போகிறது என்பதே இதன் பொருள்.

எல்.ஈ.டி. குளிர்ந்த விளக்கு என்ற பரவலான எண்ணம் பாதி உண்மைதான். பழைய இழைக்குமிழில் தங்குதன் இழை 2,000 பாகை செல்சியசுக்கும் மேலே காய்ந்து, தன் வெப்பத்தின் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராக முன்னோக்கி வீசிவிடுகிறது. கையை அருகில் கொண்டுபோனால் சுடுவது அதனால்தான். இருவாயியின் சந்தி அந்த அளவு சூட்டை ஒருபோதும் எட்டாது. நூறு பாகையை நெருங்கினாலே அதற்கு ஆபத்து. அவ்வளவு தாழ்ந்த வெப்பநிலையில், அவ்வளவு சிறிய பொருளிலிருந்து கதிர்ப்பின் மூலம் வெளியேறும் வெப்பம் மிகச் சொற்பம். ஆகவே ஒளி முன்னால் போக, வெப்பம் பின்னால், நாடாவின் முதுகுவழியே, அது எதன்மேல் ஒட்டப்பட்டிருக்கிறதோ அதனுள் கடத்தலால் இறங்கியாக வேண்டும். எனவே பட்டியின் ஆயுளைக் கணிக்க அதன் முகத்தைப் பார்ப்பதைவிட முதுகைப் பார்ப்பதே பயன் தரும்.

வெப்பம் வெளியேற வழியில்லாதபோது பட்டி உடனே அணைந்துவிடுவதில்லை. அது மெல்ல மூப்படைகிறது. விளக்கைச் சுற்றியுள்ள வெண்பிளாத்திக்குக் கிண்ணம் ஒளியைத் தெறிக்கவைப்பதற்காக அமைந்தது. சூட்டிலும் நீல ஒளியிலும் அது பழுப்பேற, தெறிக்க வேண்டிய ஒளியை உறிஞ்சத் தொடங்குகிறது. (அந்த வெண்மைக்குக் காரணமான தைத்தேனியம் ஈரொட்சைட்டு, இதே மாவட்டத்தின் வடகோடியிலுள்ள புல்மோட்டைக் கனிமணலில் கிடைக்கும் இல்மனைட், ரூட்டைல் போன்ற தாதுக்களிலிருந்து பெறப்படும் பொருள் என்பது பலருக்குத் தெரியாத உறவு.) பெட்டியில் அச்சிட்டிருக்கும் 50,000 மணித்தியாலம் போன்ற ஆயுட்கணக்கு, ஒளி தொடக்க அளவின் 70 சதவீதமாகக் குறையும் வரையான காலத்தைக் குறிப்பிட்ட வெப்பநிலைகளில் மதிப்பிட்டுச் சொல்வது, அந்த வெப்பநிலையை மீறிய பட்டிக்கு அந்த எண் பொருந்தாது. இறுதியில் ஒரு விளக்கின் உள்ளிணைப்பு அறும்போது தொடரிலுள்ள மற்ற இரண்டும் சேர்ந்தே அணைகின்றன. பழைய பெயர்ப்பலகைகளில் எழுத்துகள் மூன்று மூன்று புள்ளியாகப் பொக்கை விழுவது இதனாலேயே.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் மீற்றருக்கு 14.4 வாற்றுப் பட்டியில் தடையிகள் கால்பங்கை எடுத்துக்கொள்ள, விளக்குகளும் தம் பங்கில் பாதிக்கு மேலே வெப்பமாக்க, ஒரு மீற்றர் நீளத்தில் ஏறத்தாழ பத்து வாற்று வெப்பம் தேங்குகிறது. அசைவற்ற காற்று, மேற்காவுகையாலும் (சூடேறிய காற்று தானே மேலெழுந்து வெப்பத்தைச் சுமந்து செல்வதாலும்) கதிர்ப்பாலும், ஒரு சதுர மீற்றர் பரப்பிலிருந்து ஒரு பாகை வேறுபாட்டுக்குச் சுமார் பத்து வாற்றையே வாங்கிக்கொள்ளும். அந்தரத்தில் தொங்கும் பட்டியின் இரு பக்கமும் சேர்ந்து 200 சதுர சென்ரிமீற்றர்தான் என்பதால், அது சூழலைவிட 50 பாகை உயர்ந்த பின்னரே வரவும் செலவும் சமனாகும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலையின் பகல் 33, 34 பாகையில் நிற்பது வழக்கம். அப்போது நாடா 80 பாகையைத் தாண்டும், சந்தி அதற்கும் மேலே போகும். ஒட்டுப்பலகையில் ஒட்டினால் முதுகுப்பக்கம் அடைபட்டு நிலைமை இன்னும் மோசமாகும். தகரக்கூரைக்கும் உட்கூரைக்கும் இடைப்பட்ட பொந்தில் பொழுது சாய்ந்த பின்னும் சூடு தணியாது. அதே பட்டியை 500 சதுர சென்ரிமீற்றர் வெளிப்பரப்புள்ள அலுமினியத் தவாளிச் சட்டத்தில் ஒட்டினால் ஏற்றம் 20 பாகையளவில் நின்றுவிடும். இதைச் சோதிக்கக் கருவி வேண்டியதில்லை: அரைமணி நேரம் எரிந்த பின் சட்டத்தில் விரலை வைத்துப் பார்த்தால் போதும், 60 பாகையைத் தாண்டிய உலோகத்தில் விரல் நிற்காது. வாங்கிய சுருளை அவிழ்க்காமலே நீண்ட நேரம் எரியவிட்டுப் பார்ப்பவர்கள், ஐந்து மீற்றரின் வெப்பத்தை உள்ளங்கையளவு இடத்தில் அடைத்துவைக்கிறார்கள்.

கடற்கரையில் இதனோடு இன்னொரு தேவை மோதுகிறது. உப்புக்காற்று செப்புத் திட்டுகளைப் பச்சை பூக்கச் செய்வதால் பட்டியைச் சிலிக்கோனால் மூட வேண்டியிருக்கிறது. ஆனால் சிலிக்கோன் வெப்பத்துக்கு ஏறக்குறைய ஒரு காவலி, அலுமினியம் அதைவிட ஆயிரம் மடங்கு நன்றாகக் கடத்தும். உறைகளிலும் வேறுபாடு உண்டு: பட்டியைச் செருகிய வெற்றுக்குழாய் உறையில் நடுவே நிற்கும் காற்று சிலிக்கோனையும் விட மோசமான கடத்தி என்பதால், முழுதாக வார்த்து மூடிய வகையே மேல். முகத்தை மட்டும் சிலிக்கோன் மூட, முதுகு நேரே உலோகத்தில் படியும் அமைப்பு இரு தேவைக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும். சட்டமும் பளபளப்பான வெற்று அலுமினியமாக இருப்பதைவிட அனோடாக்கப்பட்டதாக, அதாவது மின்முறையால் தடித்த ஒட்சைட்டுப் படலம் ஏற்றப்பட்டதாக இருப்பது நல்லது. அந்தப் படலம் உப்பைத் தடுப்பதோடு, வெற்று உலோகத்தைவிடப் பன்மடங்கு நன்றாக வெப்பத்தைக் கதிர்ப்பாக வெளிவிடவும் செய்கிறது. சட்டத்தைப் பித்தளைத் திருகாணியால் முடுக்கினால், உப்புநீர் பட்டவுடன் இரு உலோகங்களும் சிறு மின்கலமாகி அலுமினியம் கரையத் தொடங்கும்.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கட்டப்படும் பலநாட் படகுகளுக்கும் வீதியில் ஓடும் முச்சக்கரவண்டிகளுக்கும் பொதுவான ஒரு சிக்கல் இருக்கிறது. 12 வோல்ற்று எனப்படும் பற்றரி, இயந்திரம் ஓடி மின்னேறும்போது 14.4 வோல்ற்று வரை உயரும். விளக்குகள் தமக்குரிய ஒன்பது வோல்ற்றுக்குச் சற்று மேலே மட்டும் எடுத்துக்கொள்வதால், கூடுதலின் பெரும்பகுதி தடையியின் தலையில் விழுகிறது. அதன் வோல்ற்றளவு மூன்றிலிருந்து ஐந்தாக, ஓட்டமும் அதே விகிதத்தில் ஏற, பட்டி முழுவதும் இழுக்கும் சக்தி ஏறத்தாழ இருமடங்காகிவிடும். இயந்திரம் ஓடும்போது வெளிச்சம் பளீரென்று கூடுவதைச் சிறப்பாக எண்ணுவோர் உண்டு; அந்தப் பளிச்சைப் பட்டி தன் ஆயுளைக் கொடுத்தே வாங்குகிறது. நிலையாக 12 வோல்ற்று தரும் சிறு சீராக்கியொன்றை இடையே இணைப்பது, எவ்வளவு அகலமான சட்டத்தையும்விட மலிவான குளிரூட்டல்.

வெளிச்சமிட்டு மீன்பிடிப்பது இலங்கைக் கரையோரங்களில் சர்ச்சைக்குரிய விடயம். அது தனியே பேச வேண்டியது. எனினும் நீரில் இறக்கும் எல்.ஈ.டி. விளக்குகள் குளிர்த்தலுக்கு மிகச் சிறந்த உதாரணம்: நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்துவதாலும், அலையோடு இடையறாது புதுநீர் வந்து தழுவுவதாலும், சின்னஞ்சிறு உலோக உடலுக்குள் மீற்றர்க்கணக்கான பட்டியின் சக்தியை அடைத்தாலும் அது சூடாவதில்லை. அதே விளக்கை மேலே இழுத்து, அணைக்க மறந்து படகின் தட்டில் போட்டால், அந்தச் சிறிய உடலே அதற்கு வினையாக, சில நிமிடங்களில் தொட முடியாத சூடேறும்.