நிலமும் சுவையும் – 9: வடிசாலையும் விடிலியும்

சாத்தூர் என்றதும் சேவும், ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் பால்கோவாவும், உடன்குடி என்றதும் கருப்பட்டியும் நினைவில் எழுவதைப் போல, ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலோரத் தீவுகளிலும் வடக்கு மலைப் பள்ளத்தாக்குகளிலும் கிடக்கும் பல சிற்றூர்களின் பெயர்கள் விஸ்கி என்னும் மதுவின் வழியாகவே உலகத்துக்குத் தெரியவந்தன. மூலப்பொருள் ஒன்று, செய்முறையும் ஏறத்தாழ ஒன்று. அப்படியிருந்தும் பக்கத்துப் பக்கத்து ஊர்களின் சரக்கு நாவுக்கு வேறு வேறாகத் தெரிவது ஏன் என்ற கேள்வி அங்கே ஒரு தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. அதே கேள்வியைத் திருச்சுழிக்கும் சாயல்குடிக்கும் இடைப்பட்ட வறண்ட நிலத்துப் பனைகளை வைத்துக் கேட்டால், விடையில் பாதி ஸ்காட்லாந்தோடு ஒத்துப்போகிறது. மீதிப் பாதி சட்டம் என்ற ஒரே இடத்தில் முற்றாக விலகுகிறது.

முளைகட்டிய கேழ்வரகை உலர்த்தி அரைத்துக் குழந்தைக்குக் கூழ் காய்ச்சும் வீடுகளுக்கு விஸ்கியின் முதல் படியை விளக்கவேண்டிய தேவை இல்லை. பார்லியை ஊறவைத்து முளைக்கவிடும்போது அதன் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றவல்ல நொதிகள் தானியத்துக்குள் உருவாகின்றன. முளை மேலும் வளர்ந்து சத்தைத் தின்றுவிடாதபடி அந்த நேரத்தில் சூடுகாட்டி உலர்த்தப்படும் தானியமே மால்ட் எனப்படுகிறது. அதை நொறுக்கி வெந்நீரில் கரைத்து, கிடைக்கும் இனிப்பு நீரில் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்தால், நம் கள்ளைவிடச் சற்றுக் காரமான, ஏறத்தாழ 8 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட பானம் உண்டாகும். ஆல்கஹால் 78 பாகையில் கொதிப்பது, நீர் 100 பாகையில் கொதிப்பது; இந்த இடைவெளியைப் பயன்படுத்திப் புளித்த நீரைச் செம்புக் கொப்பரையில் காய்ச்சி, முந்தி எழும் ஆவியைக் குளிர்வித்துச் சொட்டவிடுவதே வடித்தல். இவ்வாறு இருமுறை வடித்து எடுத்ததை 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே, குறைந்தது 3 ஆண்டுகள் வைத்திருந்தால்தான் அது ஸ்காட்ச் விஸ்கி என்ற பெயருக்கு உரியதாகும் என்று சட்டம் சொல்கிறது.

வேறுபாடு உலர்த்தும் அடுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. ஐலா தீவில் மரம் அரிது. ஆனால் குளிர்ந்த சதுப்பில் மடிந்த பாசியும் புல்லும் முழுதாக மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து இறுகிய பீட் என்னும் கறுப்பு மண் அங்கே ஏராளம். செங்கல்லைப் போல வெட்டி, காற்றில் உலர்த்தி, விறகுக்குப் பதிலாக அதை எரித்தார்கள். அந்தப் புகையிலிருக்கும் ஃபீனால் என்ற சேர்மங்கள் ஈரத் தானியத்தில் ஏறி, காய்ச்சினாலும் வடித்தாலும் போகாத ஒரு வாசனையாகத் தங்கிவிட்டன. முதன்முறை குடிப்பவருக்கு ஆஸ்பத்திரி அயோடினும் தாரும் கலந்தது போலப் படும் அந்த வாசனைக்காகவே இன்று விலை கொடுக்கிறார்கள். கண்மாய்க்குள் மண்டிய சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி, மூட்டம் போட்டுக் கரியெடுத்துப் பிழைக்கும் திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்தாருக்கு இதில் வியப்பு இருக்காது. கைக்கெட்டிய எரிபொருள்தான் ஊரின் வாசனையைத் தீர்மானிக்கிறது.

ஆனால் புகை மட்டுமே காரணம் என்று முடித்துவிட முடியாது. ஐலாவிலுள்ள லகவூலின், கல் ஈலா என்னும் இரு வடிசாலைகளும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பவை, ஒரே போர்ட் எலன் ஆலையில் புகையூட்டிய மால்ட்டை வாங்குபவை. அப்படியும் லகவூலின் கனத்து, எண்ணெய்ப் பசையோடு நாவில் நிற்கிறது. கல் ஈலா மெலிந்து, உப்புக் காற்றைப் போலக் கடந்துபோகிறது. வேறுபாட்டின் இருப்பிடம் கொப்பரை. கொப்பரையை எவ்வளவு நிரப்புகிறார்கள், எவ்வளவு மெதுவாகக் காய்ச்சுகிறார்கள், கழுத்து எவ்வளவு உயரம் என்பவற்றைப் பொறுத்து, கனமான ஆவி வழியிலேயே குளிர்ந்து திரும்ப உள்ளே விழுவதும், செம்பு கந்தக நாற்றத்தை உறிஞ்சிக்கொள்வதும் கூடவோ குறையவோ செய்யும். வடக்கே கிளென்மோரஞ்சி வடிசாலையின் கொப்பரைகள் 5 மீட்டருக்கும் அதிகமான உயரத்தோடு ஒட்டகச்சிவிங்கிபோல் கழுத்தை நீட்டி நிற்பதால் இலேசான ஆவி மட்டுமே உச்சியைத் தாண்டுகிறது. மக்காலனின் கொப்பரைகளோ குட்டையானவை, அதனால் சரக்கு தடிமனானது. இதற்கும் மேலாக, வடிப்பில் முதலில் வரும் காட்டமான பகுதியையும் கடைசியில் வரும் சோர்ந்த பகுதியையும் விலக்கி நடுப்பகுதியை எந்த நொடியில் பிடிப்பது, எந்த நொடியில் நிறுத்துவது என்ற முடிவும் ஊருக்கு ஊர் மாறும்.

பீப்பாய்க்கும் பங்குண்டு. அமெரிக்க விஸ்கியான போர்பனைப் புது ஓக் பீப்பாயில்தான் வைக்கவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டமாதலால், ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் கப்பலேறி ஸ்காட்லாந்துக்கு வருகின்றன. வெனிலா மணம் பெரும்பாலும் அவற்றின் கொடை. நிறத்தை மட்டும் நம்ப வேண்டியதில்லை, ஏனென்றால் கருக்கிய சர்க்கரையைச் சேர்த்து நிறமேற்ற ஸ்காட்லாந்துச் சட்டமே இடம் தருகிறது. பீப்பாயின் மரத்துளைகள் வழியே ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு ஆவியாகிப் போவதை அங்கே தேவதைகளின் பங்கு என்பார்கள். பெங்களூரில் 1948இல் தொடங்கப்பட்டு, 2004இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்திலேயே தன் சிங்கிள் மால்ட்டை, அதாவது ஒரே வடிசாலையில் மால்ட்டிலிருந்து மட்டும் வடித்த விஸ்கியைக் கொண்டுபோய் இறக்கிய அம்ருத் நிறுவனத்தின் பீப்பாய்களில் அந்தப் பங்கு 10 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அதனாலேயே அங்கே சரக்கு சில ஆண்டுகளில் பக்குவம் எய்திவிடுகிறது. பெங்களூரோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் குளிர்ந்த ஊர். சித்திரை வெயிலில் அருப்புக்கோட்டையில் ஒரு பீப்பாயை வைத்தால் தேவதைகள் எவ்வளவு கேட்பார்கள் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நிலமும் நெருப்பும் கைப்பக்குவமும் சேர்ந்து சுவையை உண்டாக்கினாலும், அந்தச் சுவைக்கு ஊர்ப் பெயரைச் சூட்டியது சட்டமே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்து மலைநாட்டு விஸ்கியில் பெரும்பகுதி திருட்டு வடிப்பு. 1823இல் வந்த சட்டம் 10 பவுண்டு உரிமக் கட்டணத்தோடு சிறிய வடிசாலைகளையும் அனுமதித்தபோது, மறைவில் காய்ச்சியவர்கள் வெளிச்சத்துக்கு வந்தார்கள். லிவெட் பள்ளத்தாக்கின் ஜார்ஜ் ஸ்மித் 1824இல் உரிமம் பெற்றபோது, உரிமம் வாங்காத அக்கம்பக்கத்தார் கொதித்தெழுந்ததால், அவர் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கிகளோடு திரிய நேர்ந்தது. அவருடைய கிளென்லிவெட் பேர்பெற்றதும், அந்தப் பள்ளத்தாக்குக்கு வெகுதூரத்தில் இருந்தவர்கள்கூடத் தங்கள் புட்டியில் அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டார்கள். ஸ்காட்லாந்திலேயே நீளமான பள்ளத்தாக்கு அதுதான் என்று கேலி பிறந்தது. வழக்கு 1884இல் தீர்ந்தபோது, பெயரைத் தனித்து வழங்கும் உரிமை ஸ்மித் குடும்பத்துக்கும், தங்கள் பெயரோடு சிறு கோடிட்டு இணைத்துக்கொள்ளும் உரிமை மற்றவர்க்கும் என்றாயிற்று.

அதே பிரிட்டிஷ் ஆட்சி மதராஸ் மாகாணத்தில் எதிர்த்திசையில் நடந்தது. 1886ஆம் ஆண்டின் அப்காரிச் சட்டத்தின் கீழ், அதாவது மது வரிச் சட்டத்தின் கீழ், கள் இறக்கும் மரத்துக்கு வரி விழுந்தது. சாராயம் வடிப்பதோ ஊர்க்கைகளிலிருந்து பெயர்ந்து, நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனி நடத்தியது போன்ற பெரிய வடிசாலைகளின் உரிமையாயிற்று. பின்னர் 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1971இல் விலகி, மீண்டும் வந்து, மறுபடி தளர்ந்து, 1987 தொடக்கத்தில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் கதவு அடைக்கப்பட்டது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதன் கள் மட்டும் குற்றம். வடிசாலை என்ற அழகான சொல்லே ஈழத் தமிழரிடம்தான் புழக்கத்தில் நிலைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பனஞ்சாராயம் வடித்த திக்கம் வடிசாலையின் பெயர் அங்கே எல்லாருக்கும் தெரியும். இந்தப் பக்கத்திலோ, விஸ்கி என்ற பெயரில் கடையில் விற்பதில் பெரும்பகுதி சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த ஆல்கஹாலைக் கொண்டு செய்வது. தானியத்திலிருந்து வடிக்காததை விஸ்கி என்றழைக்க ஐரோப்பியச் சட்டம் ஒப்பாது. அதற்கு எந்த ஊரின் சுவையும் கிடையாது.

எஞ்சியது சுண்ணாம்பு பூசிய கலயம். பாளை சீவிய பனையில் ஊறும் நீர் வெறும் கலயத்தில் விழுந்தால் காற்றிலிருக்கும் ஈஸ்ட் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அந்த நொதித்தல் தடைப்பட்டு, நீர் இனிப்பு மாறாத பதநீராக இறங்கும். ஆகவே தொழிலுக்கும் குற்றத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. ஊருக்கு ஊர் மாறும் சுவை கள்ளிலும் சாராயத்திலும் வெளிப்படும் வழி அடைபட்டதால், இன்று அது தங்கியிருக்கும் ஒரே இடம் கருப்பட்டி.

பனங்காட்டுக்குள் ஓலை வேய்ந்து கருப்பட்டி காய்ச்சும் குடிசைக்கு விடிலி என்று பெயர். காலையில் இறக்கிய பதநீர் பன்னாடையில் வடிகட்டப்படுகிறது. நல்லதை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வதால் கடைமாணாக்கனுக்கு நன்னூல் உவமையாக்கிய நெய்யரி இதுவே, ஆனால் விடிலியில் அதற்கு மரியாதை அதிகம். அகன்ற தாச்சியில் ஊற்றி, காய்ந்த ஓலையும் முள்விறகும் எரித்துக் காய்ச்சும்போது நுரை பொங்கி வெளியே வழியப் பார்க்கும். நசுக்கிய ஆமணக்கு விதை கொஞ்சம் போட்டால் நுரை அடங்கிவிடும். நிறம் வைக்கோலிலிருந்து தேனுக்கும், தேனிலிருந்து காப்பிக்கும் மாறி, குமிழிகள் பெரிதாகிச் சோம்பலாக வெடிக்கும் நேரத்தில் பாகில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். கரையாமல் உருண்டால் பதம். துடுப்பால் கிண்டி, மணலில் வரிசையாகப் பதித்த சிரட்டைகளில் ஊற்றுவார்கள். விஸ்கிக்காரர் நடுவடிப்பைப் பிடிக்கும் நொடிக்கு நிகர் இங்கே இந்தச் சொட்டு. ஒரு கிலோ கருப்பட்டிக்கு 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும்.

சுண்ணாம்பு மிகுந்தால் கருப்பட்டி கறுத்து, நாவில் காரம் நிற்கும். குறைந்தால் பதநீர் பாதி புளித்துவிட, பாகு சரியாக உறையாது. இறக்கியதற்கும் அடுப்பேற்றியதற்கும் இடையில் கடந்த நேரமும், தீயின் வேகமும், அடுப்புக்கு மேலுள்ள பரணில் புகைபட வைத்திருந்த மாதங்களும் சேர்ந்தே உடன்குடித் தேரிக்காட்டுச் செம்மணல் சரக்கையும், வேம்பாற்றுக் கடலோரச் சரக்கையும், சாயல்குடிச் சரக்கையும் பிரித்துக்காட்டுகின்றன. இவற்றுள் உடன்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. 1884ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நோக்கமும் ஏறத்தாழ இதுதான். குண்டாற்றை ஒட்டிய கண்மாய்க் கரைகளில் வரிசை கட்டி நிற்கும் திருச்சுழிப் பக்கத்துப் பனைகளுக்கு அப்படிப் பேர்பெற்ற கருப்பட்டி எதுவும் இல்லை, சிறு கோடிட்டு ஒட்டிக்கொள்ளவும் எந்தத் தீர்ப்பும் இடம் தரவில்லை.

பெயர் இல்லாத இடத்தில் சோதனை கைக்கு வருகிறது. சீனி கலந்த சரக்கு எந்த ஊர்ப் பெயரிலும் சந்தைக்கு வருவதால், விவரம் தெரிந்தவர்கள் வட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிச் சிரட்டையின் நார்த்தடம் பதிந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு உடைத்து, உடைந்த முகம் கண்ணாடிபோல் மின்னினால் திரும்ப வைத்துவிட்டு, மங்கிக் கறுத்திருந்தால் ஒரு துணுக்கை நுனிநாவில் வைத்துச் சுண்ணாம்பின் காரம் எட்டுகிறதா என்று சற்றுக் காத்திருக்கிறார்கள்.

(தொடரும்)