ஆய்விதழ்த் தளம் ஏன் திணறுகிறது?

இலங்கையில் வெளியாகும் ஆய்விதழ்களைக் காசில்லாமல் படிக்க 2008இல் ஒரு வழி திறந்தது. பிரித்தானியத் தொண்டு நிறுவனமான இனாஸ்ப்பும் நம் தேசிய விஞ்ஞான மன்றமும் சேர்ந்து 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' தளத்தைத் தொடங்கின. 1887இல் பிறந்த சிலோன் மெடிக்கல் ஜேர்னல் முதற்கொண்டு பல இதழ்கள் அதில் ஏறின. வெலிமடைக் கிழங்குச் செய்கையை ஆராய்பவருக்கும், பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பம் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் இப்படிப்பட்ட தளங்கள்தான் நூலகம். பக்கம் திறக்காவிட்டால் அது இலவசமாக இருந்தும் அவர்களுக்குப் பயனில்லை.

பக்கம் இழுத்தால் சிக்னலைக் குறை சொல்வோம். மலைநாட்டில் அது பல நேரம் சரிதான். ஆனால் கொழும்பில் பைபர் இணைப்பிலும் அதே பக்கம் இழுத்தால், கோளாறு பெரும்பாலும் சர்வரில் இருக்கிறது.

நமது பல்கலைக்கழக இதழ்கள் பலவும் 'ஓப்பன் ஜேர்னல் சிஸ்டம்ஸ்' என்ற இலவச மென்பொருளில் ஓடுகின்றன. கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது அது. நாம் ஒரு கட்டுரையைத் தொட்டதும், தலைப்பு, ஆசிரியர், சுருக்கம் எல்லாவற்றையும் தரவுத்தளத்தில் தேடி எடுத்துப் பக்கத்தை அப்போதுதான் கட்டித் தருகிறது. வாசகர்கள் மட்டும் வந்தால் சிறிய சர்வரே தாங்கும். இப்போது செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களுக்காகத் தரவு அள்ளும் ரோபோக்களும் வருகின்றன. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஏப்ரலில் சொன்ன கணக்கு இது: பக்கப் பார்வைகளில் ரோபோக்களின் பங்கு சுமார் 35 சதவீதம், சர்வருக்கு மிகச் செலவு வைக்கும் வருகைகளிலோ 65 சதவீதம். மனிதர் அதிகம் தொடாத பக்கங்களையும் அவை ஒன்று விடாமல் திறப்பதே காரணம்.

ஆகவே பெரிய சர்வர் வாங்குமுன் வருகைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். யார் வருகிறார்கள், எந்தப் பக்கம் தாமதிக்கிறது என்பது அதில் தெரியும். அதன்பின் தரவுத்தளத்தில் குவிந்த, முடிந்த வருகைகளின் பழைய அமர்வுப் பதிவுகளை நீக்கலாம். அடிக்கடி கேட்கப்படும் பக்கங்களை ஒருமுறை கட்டிச் சேமித்துவைக்கலாம். மென்பொருளையும் புதிய பதிப்புக்கு மாற்றலாம்.

ரோபோக்களைத் தடுப்பதில்தான் கவனம் வேண்டும். கூகுள் ஸ்காலரின் ரோபோவையும் சேர்த்துத் தடுத்தால் நம் ஆய்வுகள் அங்கே தேடுபவர் கண்ணிலேயே படாமல் போகும். இன்னொரு ஆபத்தும் உண்டு. மொபைல் இணைப்பில் வரும் ஏராளமானோர் வெளியுலகுக்கு ஒரே இணைய முகவரியில் தெரிவதுண்டு. அதிகம் வரும் முகவரி என்று அதை மூடினால், போனை மட்டும் நம்பிப் படிக்கும் தோட்டத்து மாணவர்கள் கூட்டமாக வெளியே நிற்பார்கள். 'நீ மனிதன்தானா' என்று சோதிக்கத் தளம் போனுக்குக் கொடுக்கும் கணக்குகளும் விலை குறைந்த போனில் மெதுவாகத்தான் முடியும். நிர்வாகிகள் தங்கள் மேசைக் கணினியில் மட்டும் சோதித்தால் இது தெரியவராது. பதுளைப் பக்கத்து மாணவர் ஒருவரின் போனிலும் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

சர்வர் சீரானாலும் கோப்பு பாரமாக இருந்தால் பயனில்லை. பழைய இதழ்களை வண்ணத்தில் ஸ்கேன் செய்து அப்படியே ஏற்றும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். எழுத்து மட்டுமே உள்ள பக்கத்துக்குக் கறுப்பு வெள்ளை போதும். முழுக் கோப்பும் இறங்குமுன் முதல் பக்கம் தெரியும்படி பிடிஎஃப்பைச் சேமிக்க முடியும். கோப்பின் அளவை இணைப்புக்கு அருகிலேயே எழுதிவைத்தால், ரீலோட் போட்டுப் படிப்பவர் அதை இப்போது இறக்குவதா, கெம்பஸ் வைபையில் இறக்குவதா என்று தானே முடிவு செய்துகொள்வார்.