நாற்பத்தெட்டு நிமிடம்

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகினார்கள். ஒருத்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறுவாள். இன்னொருத்தி கேரியரைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடுவாள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே பழகிக்கொண்டார்கள். 1991-ல் அங்கே நடந்த அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தவர் அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். சைக்கிள் ஓட்டிக் காட்டும் பொது நிகழ்ச்சிகளில் 70,000-க்கும் அதிகமான பெண்கள் கலந்துகொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். 1996-ல் வந்த அவருடைய புத்தகத்தில் அந்தக் கட்டுரை இருக்கிறது.

இதைப் பெண் விடுதலையின் கதையாகச் சொல்வது வழக்கம். அது சரிதான். எனக்கு அது நேரத்தின் கதையாகவும் படுகிறது. இருக்கிற ஆயுளை எதற்குச் செலவிடலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், அதில் எவ்வளவு நம் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் அல்லவா?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வேலைக்கோ சந்தைக்கோ 3 கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். மணிக்கு 5 கிலோமீட்டர் நடந்தால் 72 நிமிடம். சைக்கிளில் மணிக்கு 15 கிலோமீட்டர் போனால் 24 நிமிடம். மிச்சம் 48 நிமிடம். வருடத்தில் 300 நாள் போய்வந்தால் 240 மணி நேரம். தூக்கத்துக்கு 8 மணி நேரம் ஒதுக்கினால், விழித்திருக்கும் முழு நாட்களாக அது 15 நாள். இருபது வருடத்தில் 300 நாள். ஓர் ஆயுளில் ஏறக்குறைய ஒரு வருடத்தை அந்த இரண்டு சக்கரங்கள் திருப்பிக் கொடுக்கின்றன.

இந்த மிச்சத்துக்காக உடம்பு கூடுதலாக உழைக்கவும் வேண்டியதில்லை. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் நம் உடம்பு சில சென்டிமீட்டர் மேலே எழும்பி இறங்குகிறது. எழுப்பச் செலவான ஆற்றலில் ஒரு பங்கு, பாதம் தரையில் மோதும்போது வீணாகிறது. அடுத்த அடிக்குத் தசை மறுபடியும் அதைக் கொடுக்க வேண்டும். சைக்கிளில் உடம்பின் எடையைச் சீட் தாங்கிக்கொள்கிறது. எழும்புதலும் மோதலும் இல்லை. சக்கரம் உருளும்போது ஏற்படும் உராய்வு மிகச் சிறியது. அச்சில் ஏற்படும் உராய்வை அதற்குள் இருக்கும் பால்ரஸ் குறைக்கிறது. காலுக்குச் சுகமான வேகத்தில் மிதித்தாலே போதும், செயினும் பல்சக்கரமும் அதைச் சக்கரத்தின் வேகமாக மாற்றித் தருகின்றன. ஒரே தூரத்தைக் கடக்க, நடப்பவருக்கு ஆகும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் சைக்கிளில் போகிறவருக்கு ஆகும் என்று ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த எஸ்.எஸ். வில்சன் 1973-ல் எழுதினார். பறவைகள், மீன்கள், மோட்டார் வாகனங்கள் எல்லாவற்றோடும் ஒப்பிட்டு, சைக்கிளில் போகும் மனிதரையே அவர் முதலிடத்தில் வைத்தார்.

புதுக்கோட்டைப் பெண்களுக்குக் கிடைத்தது நிமிடங்கள் மட்டுமல்ல. பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கொண்டுபோய் விட அண்ணனையோ கணவரையோ எதிர்பார்க்க வேண்டியதில்லை. எப்போது கிளம்புவது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். பணத்தில் வறுமை இருப்பதுபோல நேரத்திலும் வறுமை உண்டு என்று 1977-ல் பொருளியலாளர் கிளேர் விக்கரி எழுதினார். வருமானம் போதுமானதாக இருந்தாலும், சமைக்கவும் குழந்தையைப் பார்க்கவும் நேரமே இல்லாத வீடு ஏழை வீடுதான் என்பது அவர் வாதம். நம் வறுமைக் கோடு இன்றுவரை பணத்தை மட்டுமே அளக்கிறது. பெரிய குறை அது.

பற்றாக்குறை முடிவெடுக்கும் திறனையும் அரிக்கும். அதற்கான சான்று தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வர் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதியில் 464 கரும்பு விவசாயிகளுக்குச் சிந்தனைத் திறன் சோதனைகள் வைத்து, முடிவை 2013-ல் வெளியிட்டார்கள். கரும்பு வெட்டிப் பணம் கைக்கு வந்த பிறகு நன்றாகச் செய்த அதே விவசாயிகள், வெட்டுக்கு முன்பு கை வறண்டிருந்தபோது மோசமாகச் செய்தார்கள். ஆள் மாறவில்லை, தட்டுப்பாடு மனதை ஆக்கிரமித்திருந்தது. நேரத் தட்டுப்பாடும் இதையே செய்கிறது என்று முல்லைநாதனும் ஷாஃபிரும் சேர்ந்து எழுதிய புத்தகத்தில் சொல்கிறார்கள். அடுத்த வேலை, அதற்கடுத்த வேலை என்று ஓடும் ஒரு பெண்ணிடம் போய் ‘வாழ்க்கையில் எது முக்கியம் என்று நிதானமாக யோசி’ என்பது நியாயமே இல்லாத அறிவுரை.

மிச்சமாகும் நேரம் மிச்சப்படுத்தியவருக்கே போய்ச் சேருகிறதா என்பதுதான் என் கவலை. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டதாக 2019-ல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொன்னது. ஆண்களுக்கு அது 97 நிமிடம். 2024-ல் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களுக்குக் குறைந்த 10 நிமிடத்தை ஆண்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் கணக்கிலும் 9 நிமிடம் குறைந்திருக்கிறது.

இந்த வாரம் ஏதாவது ஒரு நாள் உங்கள் வீட்டில் ஒரு தாளை எடுத்து, காலை எழுந்ததிலிருந்து படுக்கப்போகும்வரை யார் எந்த வேலையில் எத்தனை நிமிடம் இருந்தார்கள் என்று எழுதிப் பாருங்கள். வீட்டில் ஆகக் கடைசியாகப் படுக்கப்போகிறவரின் பெயரை முதலில் எழுதுங்கள். அவருக்கு 48 நிமிடம் எங்கிருந்து எடுத்துக் கொடுக்கலாம் என்று எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். அந்த நேரத்தை என்ன செய்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.