வயதான பூனைக்கு கிட்னி ஃபெயிலியர்... சிகிச்சையைத் தொடரலாமா, நிறுத்தலாமா? எப்படி முடிவெடுப்பது?

வீட்டில் 14, 15 வயதில் ஒரு பூனை. சில வாரங்களாகத் தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறது, ஆனால் உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. திடீரென்று ஒருநாள் தட்டில் வைத்த மீனை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே நகர்ந்துவிடுகிறது. தூக்கிக்கொண்டு ஓடினால் ரத்தப் பரிசோதனை எடுக்கிறார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், கிட்னி இரண்டும் மோசமாக இருக்கிறது, என்ன செய்யலாம் என்று வீட்டில் பேசி முடிவு பண்ணுங்கள் என்கிறார்.

அங்கேதான் எல்லோரும் திணறிப் போகிறார்கள். "எவ்வளவு செலவானாலும் பாருங்க" என்று ஒருவர். "வயசான ஜீவன், ஊசி போட்டுக் கொடுமைப்படுத்தாதீங்க, தானா போகட்டும்" என்று இன்னொருவர். இருவரும் பூனை மீதுள்ள பாசத்தில்தான் பேசுகிறார்கள். பூனையின் விருப்பம் என்ன என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

15 வயதுப் பூனை என்றால் மனிதக் கணக்கில் சுமார் 76 வயது. இந்த வயதில் பூனைகளுக்கு அதிகம் வரும் நோய்களில் ஒன்று நாள்பட்ட சிறுநீரக நோய். கிட்னியின் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் அறிகுறிகளே வெளியே தெரிய ஆரம்பிக்கும். அதனால் "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று குற்ற உணர்ச்சியில் தவிக்கத் தேவையில்லை. பூனை அவ்வளவு நாளும் சமாளித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

முதல் நாள் ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யலாமா?

வேண்டாம். ரிப்போர்ட்டில் எல்லோரும் முதலில் தேடுவது கிரியேட்டினின் அளவு. பூனைகளின் சிறுநீரக நோயை இதை வைத்து நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 1.6 முதல் 2.8 மில்லிகிராம் வரை இருந்தால் இரண்டாம் நிலை, 2.9 முதல் 5 வரை மூன்றாம் நிலை, 5-ஐத் தாண்டினால் நான்காம் நிலை.

ஆனால் இரண்டு நாளாகச் சாப்பிடாமல், வாந்தி எடுத்து, உடம்பில் நீர் வற்றிப்போன பூனைக்கு இந்த எண் இயல்பாகவே எகிறிக் காட்டும். சிறுநீரகத்தில் கிருமித்தொற்று இருந்தாலும் ஏறும். ஆண் பூனைகளுக்குச் சிறுநீர்ப் பாதையில் அடைப்பு வந்தால் ஒரே நாளில் அளவு தாறுமாறாகப் போகும். அது உடனே கவனிக்க வேண்டிய அவசர நிலை, ஆனால் அடைப்பை நீக்கினால் பல பூனைகள் பிழைத்துக்கொள்ளும். அதனால்தான் பல டாக்டர்கள் இரண்டு மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றி, நீர்ச்சத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். நம்ப வேண்டிய எண் அந்த இரண்டாவது எண்தான்.

8-ல் இருந்த கிரியேட்டினின் மூன்று நாளில் 4-க்கு இறங்கி, பூனையும் எழுந்து வந்து சாப்பிட்டால் கதை வேறு. அதே 8 மூன்று நாள் டிரிப்ஸுக்குப் பிறகும் 8-லேயே நின்றால், அதுவும் ஒரு பதில்தான்.

எவ்வளவு நாள் கிடைக்கும்?

2008-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகிறது. இரண்டாம் நிலையின் பிற்பகுதியில் நோய் கண்டறியப்பட்ட பூனைகளில் பாதி, அதன்பின் சுமார் 3 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தன. மூன்றாம் நிலையில் அது 2 ஆண்டுகளைக் கொஞ்சம் தாண்டியது. நான்காம் நிலையில் சுமார் 3 மாதம்தான்.

அதாவது "கிட்னி போச்சு" என்ற ஒரே வார்த்தைக்குள் மூன்று வருடமும் இருக்கிறது, மூன்று மாதமும் இருக்கிறது. டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எங்கள் பூனை எந்த நிலையில் இருக்கிறது என்பதே. இரண்டாம் நிலையில் இருக்கும் பூனையைக் கைவிடுவது அவசரம். நான்காம் நிலையில் துவண்டு கிடக்கும் பூனைக்கு வாரக்கணக்கில் ஊசி மேல் ஊசி போடுவதும் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

போன கிட்னி திரும்பி வராது. பூனைகளுக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை அமெரிக்காவில் 1980-களிலேயே தொடங்கிவிட்டது. கிட்னி தரும் பூனையையும் அந்தக் குடும்பமே தத்தெடுத்து வளர்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். நம்ம ஊரில் அதை யோசிக்க முடியாது. இங்கே செய்ய முடிவது மிச்சம் இருக்கும் கிட்னிக்குச் சுமையைக் குறைப்பதும், பூனையின் அவஸ்தையைக் குறைப்பதும்தான்.

வீட்டில் வைத்தே என்ன செய்யலாம்?

நிறையவே செய்யலாம். குமட்டலுக்கும் வாந்திக்கும் மருந்து இருக்கிறது. பசியைத் தூண்டவும் மருந்து இருக்கிறது. ரத்த அழுத்தத்தைக் கண்டிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரக நோய் உள்ள பூனைகளுக்கு அழுத்தம் ஏறி, விழித்திரை பிரிந்து, திடீரென்று கண் தெரியாமல் போவது உண்டு. மனிதர்களுக்குத் தரும் அம்லோடிபைன் மாத்திரையைத்தான் பூனைக்கும் தருகிறார்கள், மிகக் குறைந்த அளவில், டாக்டர் கணக்குப் போட்டு.

அடுத்தது, தோலுக்கு அடியில் திரவம் ஏற்றுவது. கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் டாக்டரோ நர்ஸோ ஒருமுறை செய்து காட்டினால் வீட்டிலேயே பழகிவிடலாம். கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து, அதற்கு அடியில் ஊசியைச் செருகி ரிங்கர் லாக்டேட் ஏற்றுவார்கள். பெரும்பாலும் ஒரு தடவைக்கு 100 மில்லி அளவில், தினமுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ. ஏற்றி முடித்ததும் முதுகில் ஒட்டகத் திமில் மாதிரி வீங்கி நிற்கும், சில மணி நேரத்தில் வடிந்துவிடும். இதய நோயும் சேர்ந்து இருக்கும் பூனைக்கு இது ஆபத்தாகலாம் என்பதால், டாக்டர் சொல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது.

எல்லாப் பூனையும் இதற்கு இணங்காது. சில பூனைகள் மடியில் படுத்துத் தூங்கிவிடும். சில பூனைகள் டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்ததுமே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும், அப்புறம் நாள் முழுக்க உங்கள் பக்கமே வராது. மருந்து பிடிக்கிறதா என்பதோடு, மருந்து கொடுக்கும் விதம் பூனையின் நாளையே கெடுக்கிறதா என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் பலர் தேவையில்லாமல் கறாராக இருக்கிறார்கள். பாஸ்பரஸ் குறைந்த சிறுநீரக உணவு நல்லதுதான், அதைப் பழக்கிப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதைத் தொடவே மாட்டேன் என்று பூனை பட்டினி கிடந்தால் அதைவிட ஆபத்து வேறில்லை. பூனை தொடர்ந்து சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே உயிருக்கு உலை வைக்கும். கடைசிக் கட்டத்தில் இருக்கும் பூனை உப்பில்லாமல் வேகவைத்த சங்கரா மீனைத்தான் சாப்பிடுகிறது என்றால், அதைக் கொடுங்கள். வாயைப் பிடித்து சிரிஞ்சில் ஊற்றுவது வேண்டாம். புரையேறி நுரையீரலுக்குள் போய்விடலாம்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. உடம்பு சுடுகிறது, வலியில் கத்துகிறது என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம். ஒரே மாத்திரை உயிரைப் பறித்துவிடும்.

பூனைக்கு வலிக்கிறது என்று எப்படித் தெரியும்?

நாய் முனகும், காலைத் தூக்கிக் காட்டும். பூனை மறைக்கும். அடிபட்டதை வெளிக்காட்டினால் இன்னொரு மிருகத்துக்கு இரையாகிவிடுவோம் என்ற காட்டுக் குணம் அதற்கு இன்னும் போகவில்லை. கத்தவில்லை என்பதற்காக வலி இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. "உர்ர்" என்று சத்தம் எழுப்புகிறதே, சந்தோஷமாகத்தானே இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். உடம்பு முடியாத பூனையும் அந்தச் சத்தத்தை எழுப்பும்.

கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் பூனையின் முகத்தைப் பார்த்தே வலியைக் கணிக்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். பார்க்க வேண்டியவை ஐந்து: காதுகள் பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறதா, கண்கள் இடுங்கியிருக்கிறதா, வாய்ப்பகுதி இறுகியிருக்கிறதா, மீசை விறைத்திருக்கிறதா, தலை தோள்பட்டைக்குக் கீழே தொங்குகிறதா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 10-க்கு 4 வந்தாலே வலி மருந்து பற்றி டாக்டரிடம் பேச வேண்டும்.

இதைவிட எளிமையான அடையாளங்கள் வீட்டுக்காரர்களுக்கே தெரியும். தினமும் பீரோ மேல் ஏறும் பூனை ஏறுவதில்லை. உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதில்லை, முடி திரிதிரியாக நிற்கிறது. தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்திலேயே தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறது. படுத்த இடத்திலேயே நனைக்கிறது. வாசலில் உங்கள் வண்டிச் சத்தம் கேட்டால் ஓடிவரும் பூனை, இப்போது தலையைத் தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை.

அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் இதற்கென்றே ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கியிருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என ஏழு விஷயம். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் வாழ்க்கைத் தரம் ஏற்கத்தக்கது, சிகிச்சையைத் தொடரலாம் என்பது கணக்கு. 34 வந்துவிட்டதே என்று அன்றைக்கே பதற வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் எந்தப் பக்கம் போகிறது என்பதே கவனிக்க வேண்டியது. மதிப்பெண் போடவெல்லாம் நேரமில்லை என்றால், சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். நல்ல நாள் என்றால் ஒரு டிக், கெட்ட நாள் என்றால் ஒரு இன்ட்டு. இரண்டு வாரம் கழித்துப் புரட்டிப் பாருங்கள். மனசு சொல்வதற்கும் காலண்டர் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கும்.

எதுவரை என்பதை முன்பே பேசுங்கள்

சிகிச்சையைத் தொடங்கும் முன்பே எதுவரை என்று தீர்மானித்துக்கொள்வதுதான் இதில் உண்மையிலேயே உதவும் வழி. மூன்று நாள் டிரிப்ஸ், அதற்குப் பிறகு மறுபரிசோதனை, தானாகச் சாப்பிட ஆரம்பித்தால் தொடர்வது, இல்லையென்றால் உட்கார்ந்து பேசுவது. இப்படி ஒரு எல்லை இல்லாமல் போனால் "இன்னும் ஒருநாள் பார்ப்போம்" என்பதே வாரக்கணக்கில் நீளும். பணமும் போகும், பூனையும் ஆஸ்பத்திரிக் கூண்டிலேயே கடைசி நாட்களைக் கழிக்கும்.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டாம். மொத்தம் எவ்வளவு ஆகும், அதில் எது அவசியம், எதை விடலாம் என்று டாக்டரிடமே கேட்கலாம். சென்னை வேப்பேரியில் உள்ள மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. டாக்டரிடம் கேட்க இன்னொரு கேள்வியும் உண்டு: "இது உங்க வீட்டுப் பூனையா இருந்தா என்ன பண்ணுவீங்க?" பல டாக்டர்கள் அதுவரை சொல்லத் தயங்கியதை அப்போதுதான் சொல்வார்கள்.

கருணைக்கொலை பாவமா?

பூனையைக் கொன்ற பாவம் சும்மா விடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் "தானா போகட்டும்" என்பது பலருக்கு மனசுக்கு ஆறுதலான முடிவாகத் தெரிகிறது. ஆனால் சிறுநீரகம் செயலிழந்து தானாகப் போவது தூக்கத்தில் போவது அல்ல. கழிவுகள் ரத்தத்தில் தேங்கி, வாயெல்லாம் புண்ணாகி, வாந்தி, சில சமயம் வலிப்பு என்று நாள் கணக்கில் இழுக்கும். அதற்கு நிவாரண மருந்தாவது கொடுக்காமல் ஓரமாகப் படுக்க வைத்துவிட்டுக் காத்திருப்பதை இயற்கை என்று சொல்லிவிட முடியாது. கடைசி வரை வீட்டில் வைத்துப் பார்ப்பது என்று முடிவெடுத்தால், வலிக்கும் குமட்டலுக்கும் மருந்தோடு பார்ப்பது என்றுதான் அர்த்தம்.

வேறு சிலர் பார்க்க மனசு தாங்காமல் மீன் மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். பட்டினியாலோ தாகத்தாலோ தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கால்நடை மருத்துவர் செய்யும் கருணைக்கொலையில் பொதுவாக முதலில் மயக்க ஊசி போடுவார்கள். பூனை தூங்கிய பிறகு, ரத்தக் குழாய் வழியாக மயக்க மருந்தை மிக அதிக அளவில் செலுத்துவார்கள். சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். அதன்பின் கண்கள் மூடாது, சில நேரம் ஒரு பெருமூச்சோ தசைத் துடிப்போ வரும், சிறுநீர் பிரியும். முன்கூட்டியே தெரியாதவர்கள் இதைப் பார்த்து, உயிரோடுதான் இருக்கிறது, வலியில் துடிக்கிறது என்று பல நாள் தூங்காமல் தவிப்பார்கள். அது வலி அல்ல. வீட்டுக்கே வந்து செய்யும் டாக்டர் கிடைத்தால் நல்லது; ஆட்டோ பயணமும், நாய்கள் குரைக்கும் காத்திருப்பு அறையும் பூனைக்கு மிச்சமாகும்.

சின்னக் குழந்தைகளிடம் "தூங்க வச்சிட்டோம்" என்று சொல்லாதீர்கள், இரவில் தூங்கப் பயப்படுவார்கள். உடம்பு ரொம்ப முடியாமல் இறந்துவிட்டது என்று நேராகவே சொல்லலாம்.

சொந்த இடம் இருந்து புதைப்பதாக இருந்தால் குழியை ஆழமாகத் தோண்டுங்கள். செலுத்திய மயக்க மருந்து உடலிலேயே தங்கியிருக்கும். தெருநாயோ காகமோ கிளறித் தின்றால் அவற்றுக்கும் ஆபத்து. அடுக்குமாடியில் இருப்பவர்கள், உடலை எங்கே கொண்டுபோவது என்பதை ஊசி போடும் நாளுக்கு முன்பே டாக்டரிடமோ உள்ளாட்சி அலுவலகத்திலோ கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.