கார் ஏ.சி.: நாமே செய்யலாம், எதுவரை?

கொள்முதலுக்காக விழுப்புரம், கடலூர் என்று அலையும் வணிகருக்கு அக்னி நட்சத்திரத்தில் காரின் ஏ.சி. நின்றுபோனால் அன்றைய வேலையே பாதி கெட்டுவிடுகிறது.

சென்ற சித்திரையில் நமது காரிலும் குளிர்ச்சி குறைந்தது. ஒரு பட்டறையில் பார்த்த மாத்திரத்தில், "கம்ப்ரசர் போய்விட்டது, புதிது போடவேண்டும்" என்றார்கள். தொகையைக் கேட்டுத் திகைத்து, விவரமறிந்த இன்னொருவரிடம் காட்டினோம். காற்று வடிகட்டி தூசியால் அடைத்திருந்தது. கண்டென்சரில் உப்பும் மண்ணும் படிந்திருந்தன. சுத்தம் செய்ததோடு குறை தீர்ந்தது. அந்த அனுபவமே இக்கட்டுரைக்குக் காரணம்.

கடையிலுள்ள பிரிட்ஜ் வேலை செய்யும் முறைதான் கார் ஏ.சி.க்கும். கம்ப்ரசர் வாயுவை அமுக்குகிறது. ரேடியேட்டருக்கு முன்னுள்ள கண்டென்சர் வெப்பத்தை வெளியேற்றுகிறது. பிறகு அது விரிந்து ஆவியாகும்போது குளிர்ச்சி கிடைக்கிறது.

முதலில், காற்று வேகமாக வருகிறதா என்று பாருங்கள். வேகம் குறைவென்றால் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். பல கார்களில் அது டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னால் இருக்கும். அழுக்கேறியிருந்தால் மாற்றுங்கள்.

காற்று வந்தும் குளிர்ச்சி இல்லையென்றால், எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, கண்டென்சரை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். கடலை ஒட்டிய நமது உப்பளத்தில் உப்புக்காற்று அலுமினியத்தை அரிக்கும். ஆகவே அடிக்கடி கழுவுவது நல்லது.

அடுத்து பியூஸ். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் பியூஸையே போடுங்கள். கம்பியைச் சுற்றிப் போடுவது தீ விபத்துக்கு வழி.

இதுவரை நமது கைவேலை. வாயுக் குழாயை மட்டும் அவிழ்க்கவே கூடாது. உள்ளே அழுத்தம் அதிகம். பல கார்களிலுள்ள ஆர்-134ஏ திரவம் வெளியே வந்தால் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிப்பது. கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வெளியேறும் வாயு புவி வெப்பத்தைக் கூட்டுவதில் அதே எடை கரியமில வாயுவைவிட 1,400 மடங்குக்கு மேல் வலிமையுடையது.

"கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்பினால் போதும்" என்பதை அப்படியே ஏற்கவேண்டாம். பெட்ரோல்போல் அது செலவாகும் பொருளன்று; வெகுவாகக் குறைந்தால் எங்கோ கசிகிறது. குழாய் இணைப்பில் எண்ணெய்க் கறை தெரிந்தால் அது ஓர் அடையாளம். கல்லாவில் பணம் குறைகிறதென்றால் நாம் மேலும் பணம் போட்டு நிரப்புவதில்லை. போகும் வழியைத் தேடுகிறோம் அல்லவா?

பட்டறையில் மூன்று கேள்விகள் கேளுங்கள். கசிவைச் சோதித்தீர்களா? கசிவை அடைத்தபின் வாக்வம் பிடித்தீர்களா? எத்தனை கிராம் நிரப்பினீர்கள்? பானெட்டுக்குள் ஒட்டியுள்ள சீட்டில் வாயுவின் வகையும் எடையும் இருக்கும். அதற்குமேல் ஏற்றினாலும் குளிர்ச்சி குறையும். மலிவென்று வேறு வாயுவை ஏற்கவேண்டாம்.

தராசில் நிறுக்காமல் நாம் ஒரு கிலோ பருப்பும் கொடுப்பதில்லை. நமது காருக்கு நிரப்பும் வாயுவையும் நிறுத்துக் காட்டச் சொல்வதில் கூச்சம் எதற்கு?