பரங்கிப் பூ உதிர்வது ஏன்?

பரங்கியை நம்மவருள் பலர் மஞ்சள் பூசணி என்பர். மலாய்க்காரர் லாபு என்பர். லயத்து வீடுகளின் பின்புறம், கழுநீர் ஊற்றும் இடத்தில் எவரும் ஊன்றாமலேயே அது முளைத்துவிடுவதுண்டு. ஊன்றி வளர்க்க விரும்புவோர் மண்ணுடன் மக்கிய சாணத்தைக் கலந்து மேடாகக் கூட்டி, ஓர் அங்குல ஆழத்தில் விதையை இடுக. நம் நாட்டு மழையில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும், மேடு அதற்காகவே. கொடி படர ஆறடி இடமேனும் வேண்டும்.

இடர் தோன்றுவது பூக்கும் பருவத்தில்தான். ஏறத்தாழ 40 நாள்களில் பூக்கள் மலரும். மலர்ந்தவை யாவும் உதிரும். "கண் பட்டுவிட்டது" என்பர் சிலர். மலட்டுக் கொடி என்று பிடுங்கி எறிவாரும் உளர். பாடுபட்டு வளர்த்த கொடி காய்க்கும் தறுவாயில் இவ்வாறு வீணாகிறது!

முதலில் பூப்பவை ஆண் பூக்கள். மெலிந்து நீண்ட காம்பில் நிற்கும் அவை காய்ப்பதில்லை. உதிர்வதே அவற்றின் இயல்பு. சில நாள்கள் சென்ற பின்னரே பெண் பூக்கள் தோன்றும். இதழ்களுக்கு அடியில் கோலிக்குண்டு போன்ற பிஞ்சு இருந்தால் அது பெண் பூ.

ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவைச் சேர்ந்தால்தான் பிஞ்சு பருக்கும். அம்மகரந்தம் கனமானது, ஒட்டுந்தன்மை உடையது. காற்று அதனைச் சுமக்காது, தேனீயே சுமக்க வேண்டும். பூவோ விடியலில் மலர்ந்து நண்பகலுக்குள் கூம்பிவிடும். அந்நேரத்தில் மழை பெய்தாலும், பூச்சிமருந்து தெளித்திருந்தாலும் தேனீயின் வரவு குறையும். பிஞ்சு மஞ்சளித்து அழுகும். விரலால் சுட்டியதனால் அழுகியது என்று பிள்ளைகளைக் கடிவது வீண்.

தேனீ வாராவிடில் நாமே அவ்வேலையைச் செய்யலாம். காலை 9 மணிக்குள் அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, நடுத்தண்டிலுள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவே மெல்லத் தடவுக. மாணவர்களே, விடுமுறை நாளில் இதனைச் செய்து பாருங்கள். அறிவியல் பாடநூலில் படித்த மகரந்தச் சேர்க்கை இதுவே.

பிஞ்சு பருக்கத் தொடங்கியதும் பழைய செய்தித்தாளால் சுற்றிக் கட்டுக. இல்லையேல் பழ ஈ துளைத்து முட்டையிடும். காம்பு காய்ந்து, தோலில் நகம் இறங்காத நிலையில் காம்புடன் அறுக்க வேண்டும். காற்றோட்டமான நிழலில் அது இரண்டு மாதங்களுக்கு மேலும் கெடாது; சம்பளத்திற்கு முந்திய வாரத்தில் குழம்புக்கு உதவும்.

எஞ்சும் ஆண் பூக்களை மாவில் தோய்த்துப் பொரித்துண்ணலாம். ஆயினும் நான்கைந்தைத் தேனீக்காகக் கொடியிலேயே விட்டுவிடுக.