தேரி மணலுக்கும் தார்ச் சாலைக்கும் ஏற்ற டயர்

கிராமத்தில் விளையும் பொருள் சந்தையைச் சென்று சேர்ந்த பிறகே பணமாகிறது. விளைநிலத்திற்கும் சந்தைக்கும் இடையிலுள்ள தூரத்தை முன்னாளில் இரட்டை மாட்டு வண்டி கடந்தது. இந்நாளில் அப்பணியைச் செய்வது ‘பிக்கப்’ என்று வழங்கும் சிறு சரக்கு வாகனமே. சாத்தான்குளம் வட்டாரத்தில் அதிகாலையில் பறிக்கும் முருங்கைக்காய் வாடுவதற்கு முன்பும், வெட்டிய வாழைத்தார் கன்றிப் போவதற்கு முன்பும் சந்தையை அடைய வேண்டும். வண்டி வாங்கும்போது எஞ்சின், விலை, கடன் தவணை ஆகியவற்றைப் பலமுறை ஆராயும் விவசாயி, டயர் மாற்றும் வேளையில் மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். ஆனால் ஏற்றிய பாரம் முழுவதையும் தாங்கி மண்ணைத் தொட்டுக் கொண்டிருப்பவை அந்த நான்கு டயர்களே. ஒவ்வொன்றும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கையளவுதான். ஆகவே நம் மண்ணுக்கு ஏற்ற, நீடித்து உழைக்கும் டயரைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கு விளக்குவோம்.

நம் வட்டாரத்தின் தரை

1986-ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, பின்னர் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த சாத்தான்குளம் பகுதியின் சிறப்பு அதன் தேரிக்காடு. இரும்புத் துரு படிந்து செந்நிறமாய்க் காணும் இம்மணல், காற்றினால் குவிந்த மேடுகளாகக் குதிரைமொழி வரை பரந்து கிடக்கிறது. கோடையில் கால் புதையும் பொடி மணல். மழைக்குப் பின் சில நாட்கள் மட்டும் இறுகிய தரை. தேரியை விட்டு இறங்கினால் கருமேனி ஆற்றுப் பகுதியும் குளத்துப் படுகைகளும் வருகின்றன. அங்கே மழைக்காலத்தில் வழுக்கும் களிமண். தாமிரபரணிப் பாசன வயல்களிலும் வாழைத் தோட்டங்களிலும் இதே நிலைதான். மேற்கே நாங்குநேரிப் பக்கம் கல்லும் சரளும் நிறைந்த பாதைகள். இவற்றிற்கெல்லாம் அப்பால், சந்தைக்குச் செல்லும் தார்ச்சாலை. ஒரே வண்டி ஒரே நாளில் இந்நான்கையும் மிதித்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

தரையோடு முள்ளையும் சேர்த்து எண்ண வேண்டும். உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் உதிராத பாதை இங்கு அரிது. பனங்காட்டில் விழுந்து கிடக்கும் மட்டையின் கருக்கோ வாள் போன்றது. டயரின் அடிப்பாகத்தைவிட மெல்லிய பக்கச்சுவரையே அது அறுக்கிறது. முள் குத்திய டயரை ஒட்டி மீண்டும் ஓட்டலாம். பக்கச்சுவர் அறுந்த டயரைப் பெரும்பாலும் கழிக்கவே வேண்டும்.

மூவகை டயர்கள்

கடைகளில் உள்ள பிக்கப் டயர்களை மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, நீளவாக்கில் கோடுகள் ஓடும் ‘ரிப்’ டயர். தார்ச்சாலையில் இது குறைவாகத் தேயும்; ஓசையும் எரிபொருட் செலவும் குறைவு. சேற்றிலும் மணலிலும் இதற்குப் பிடிமானம் இல்லை. இரண்டாவது, தடித்த கட்டிகளும் அகன்ற இடைவெளிகளும் கொண்ட சேற்று டயர். சேற்றைப் பற்றி, சுழலும்போது அதை உதறித் தள்ளுவது இதன் இயல்பு. தார்ச்சாலையில் விரைவில் தேய்ந்து, பெரும் இரைச்சலும் இடும். மூன்றாவது, இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கும் ‘ஆல் டெரெய்ன்’ எனப்படும் பல்தரை டயர். இதன் கட்டிகள் நடுத்தர அளவின. அவற்றின் மேல் சிறு கீறல்கள் இருக்கும். தரமான வகைகளில் பக்கச்சுவர் தடித்திருக்கும்.

மணலுக்குப் பெரிய கட்டிகள் உள்ள டயரே ஏற்றது என்ற எண்ணம் நம் பகுதியில் பரவலாக உள்ளது. இது சரியன்று. சேற்றுக்கு அடியில் பெரும்பாலும் கெட்டித் தரை உண்டு; கட்டிகள் அதைத் தேடிப் பற்றும். தேரி மணலிலோ எவ்வளவு தோண்டினாலும் மணலே. அங்கே பெரிய கட்டிகள் மண்வெட்டியைப் போலத் தோண்டி வண்டியை அச்சு வரை இறக்கிவிடும். இரும்புப் பட்டை அடித்த பழைய கட்டை வண்டி மணலில் புதைந்த இடத்தில், காற்றடைத்த டயர் வண்டி எளிதாகச் சென்றதை மூத்த விவசாயிகள் அறிவர். மணலில் வேண்டுவது தோண்டும் பல் அன்று. பாரத்தைப் பரப்பித் தாங்கும் அகன்ற பாதமே.

ஆகவே தேர்வு எளிதாகிறது. ஓட்டத்தில் பத்தில் எட்டு பங்கு தார்ச்சாலையில் என்றால் ரிப் டயரே சிக்கனம். பின்சக்கரங்களுக்கு மட்டும் ஓரங்களில் கட்டிகள் உள்ள டயரைப் போடலாம். பாதிக்குப் பாதி தேரியும் சரளும் என்றால் பல்தரை டயர் தன் விலைக்கு உழைக்கும். சேற்று டயர் சரக்கு ஏற்றும் விவசாயிக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. ‘குட்டியானை’ போன்ற சிறு சக்கர வண்டிகளுக்குப் பல்தரை டயர் அரிதாகவே கிடைக்கும்; அவற்றிற்கு ஓரக் கட்டி டயரே போதும்.

பக்கச்சுவரில் எழுதியிருப்பது

டயரின் பக்கச்சுவரே அதன் சாதகக் குறிப்பு. 215/75 ஆர் 15 என்றிருந்தால், 215 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்பது அவ்வகலத்தில் பக்கச்சுவரின் உயரம் நூற்றுக்கு எவ்வளவு என்பது. ஆர் என்பது ரேடியல் அமைப்பு. 15 என்பது அங்குலத்தில் வளையத்தின் விட்டம். இதையடுத்து வரும் எண்ணே சரக்கு ஏற்றுவோர் முதலில் பார்க்க வேண்டியது. அது பாரக் குறியீடு. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 104 என்றால் 900 கிலோ. 109 என்றால் 1,030 கிலோ. 112 என்றால் 1,120 கிலோ. 109/107 என்று இரண்டு எண்கள் இருந்தால், பக்கத்திற்கு ஒரு சக்கரம் உள்ள அச்சுக்கு முதல் எண்ணையே கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு பெரும் ஆபத்து மறைந்துள்ளது. பல்தரை டயர்களில் பல, ஆட்கள் செல்லும் ஜீப் வகை வண்டிகளுக்காகச் செய்யப்பட்டவை. அகலமும் வளையமும் ஒன்றாயிருப்பதால் அவை பிக்கப்பிலும் பொருந்திவிடும். ஆனால் பாரத்தைத் தாங்கமாட்டா. சரக்கேற்றிய வண்டியின் பின் அச்சில் 1,900 கிலோ இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 109 குறியீடுள்ள இரு டயர்கள் 2,060 கிலோ தாங்கும், கவலையில்லை. 100 குறியீடுள்ள இரு டயர்கள் தாங்குவது 1,600 கிலோவே. 300 கிலோ குறைகிறது. தோற்றம் முரட்டுத்தனமாக இருக்கிறதே என்று நம்பி இதை மாட்டினால், வெயில் நேரத் தார்ச்சாலையில் அது வெடிப்பதற்கு வாய்ப்பு மிகுதி. ஆகையால் பழைய டயரில் உள்ள பாரக் குறியீட்டைத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். அதற்குக் குறைந்ததை எவ்விலைக்கும் வாங்காதீர்கள்.

நான்கு இலக்கமாகத் தனியே பொறித்திருப்பது டயர் பிறந்த நாள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் முதிரும். ஆகவே புதியதாக விற்கப்படும் டயர் உண்மையிலேயே புதியதா என்பதை இவ்வெண்ணால் அறியலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது; அது இல்லாத டயரைத் தொடவே கூடாது.

அளவை மாற்றிப் பெரிய டயர் போடுவதும் தகாது. 215/75-க்குப் பதில் 235/75 மாட்டினால் சக்கரத்தின் விட்டம் சுமார் 703 மில்லிமீட்டரிலிருந்து 733 மில்லிமீட்டராகிறது. வேகமானி 60 காட்டும்போது வண்டி 62-க்கு மேல் ஓடும். எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் சுமை கூடும். பதிவுச் சான்றிலுள்ள விவரத்திற்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் தடுக்கிறது.

நீடித்த உழைப்பின் கணக்கு

டயரின் விலையைப் பார்த்து வாங்குவது பாதிக் கணக்கே. கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவு என்பதே முழுக் கணக்கு. உதாரணமாக, 6,000 ரூபாய் டயர் ஒன்று 30,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 20 காசு. 8,000 ரூபாய் டயர் 50,000 கிலோமீட்டர் ஓடினால் 16 காசு. விலை கூடியதே இங்கு மலிவாகிறது. ஆனால் அதே 8,000 ரூபாய் டயர், பெரும்பாலும் தார்ச்சாலையிலேயே ஓடி 32,000 கிலோமீட்டரில் தேய்ந்துவிட்டால் 25 காசாகிறது. எனவே உங்கள் வண்டி எத்தரையில் எவ்வளவு ஓடுகிறது என்பதை ஒரு மாதமேனும் குறித்து வைத்து, அதன் பிறகே தீர்மானியுங்கள். இக்கணக்கில் சேராத ஒன்றும் உண்டு. முருங்கைக்காய் ஏற்றிய வண்டி தேரி நடுவே ஒரு காலைப்பொழுது நின்றுவிட்டால் போவது டயரின் விலை மட்டுமன்று. அன்றைய சந்தையே போகிறது.

காற்றின் அளவு

மிகச் சிறந்த டயரையும் தவறான காற்று கெடுத்துவிடும். காற்று குறைந்தால் இரு ஓரங்களும் தேய்ந்து, பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். மிகுந்தால் நடுப்பாகம் தேயும். பஞ்சர்க் கடையில் வழக்கமாகப் பிடிக்கும் அளவைப் பிடியாமல், தயாரிப்பாளர் ஓட்டுநர் கதவருகிலோ கையேட்டிலோ குறித்திருக்கும் பவுண்டு அளவைப் பின்பற்ற வேண்டும். பாரம் ஏற்றும்போதும் வெறும் வண்டிக்கும் பின்சக்கர அளவு வேறுபடும். வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும்.

தேரி மணலில் மட்டும் இதற்கு விலக்கு உண்டு. வெறும் வண்டியாகவோ குறைந்த பாரத்துடனோ செல்கையில் காற்றை நாலில் ஒரு பங்கு குறைத்தால் டயர் நீண்டு படிந்து மணலின்மேல் மிதந்து செல்லும். அப்போது ஆள் ஓடும் வேகத்திற்கு மேல் போகலாகாது. திடீரென வளைக்கவும் கூடாது. முழுப் பாரத்துடன் இதைச் செய்யவே கூடாது. தார்ச்சாலை ஏறுமுன் மீண்டும் காற்றடைப்பது கட்டாயம். பேட்டரியில் இயங்கும் சிறு காற்றுப் பம்பும், காற்றளவு மானியும், மண்வெட்டியும், இரண்டு பலகைகளும் வண்டியில் இருந்தால் டிராக்டரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பராமரிப்பும் பாரமும்

சுமார் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் இடம் மாற்றுவதாலும், சக்கர நேர்மையைச் சரிபார்ப்பதாலும் தேய்மானம் சீராகும். பள்ளங்களுக்கிடையே ‘டி.டபிள்யூ.ஐ.’ என்ற குறி உள்ள இடத்தில் சிறு மேடு தெரியும். தேய்மானம் அம்மேட்டைத் தொட்டால் 1.6 மில்லிமீட்டரே எஞ்சியுள்ளது என்பது பொருள். அன்றே மாற்ற வேண்டும். மழைநீரை வெளியேற்ற இடமில்லாத மொட்டை டயர், நனைந்த சாலையில் பிரேக்குக்குக் கட்டுப்படாது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய மாவட்டம் இது. மழை அரிதான பகுதி என்ற எண்ணத்தில் மொட்டை டயரை வைத்திருப்பது அறிவுடைமையாகாது. ரீட்ரெடிங் செய்த டயர் சிக்கனமானதே. நல்ல உடற்கட்டுள்ள டயரை நம்பகமான பட்டறையில் கொடுத்துச் செய்து, பின்சக்கரங்களில் மட்டும் போட வேண்டும். முன்சக்கரம் வெடித்தால் ஸ்டியரிங் கைக்கு அடங்காது.

மயிலிறகேயானாலும் அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்தது வண்டிக்கும் பொருந்தும், டயருக்கும் பொருந்தும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அளவுக்கு மீறிய பாரத்திற்கு 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். இதனினும் பெரிய கவலை மற்றொன்று. களையெடுக்கவும் கோயில் கொடைக்கும் துக்க வீட்டிற்கும் சரக்கு வண்டியின் பின்னால் ஆட்களை ஏற்றிச் செல்லும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. டயர் வெடித்துச் சரக்கு கவிழ்ந்தால் நஷ்டத்தோடு போகும். ஆட்கள் கவிழ்ந்தால் அதை ஈடு செய்ய எவராலும் இயலாது. எத்தகைய டயரும் இவ்வழக்கத்திற்கு அனுமதிச் சீட்டாகாது.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

குப்பை வண்டிக்கும் குடிநீர் வண்டிக்கும் டயர் வாங்கும் ஊராட்சிகள், விலைப்புள்ளி கேட்கும்போது ‘டயர் நான்கு’ என்று மட்டும் எழுதினால் மலிவானதும் பழையதுமே வந்து சேரும். அளவு, குறைந்தபட்சப் பாரக் குறியீடு, டயரின் வகை, ஐ.எஸ்.ஐ. முத்திரை, தயாரித்து ஆறு மாதத்திற்கு மேற்படாமை, உத்தரவாதக் காலம் ஆகிய ஆறையும் விவரக் குறிப்பில் சேர்க்க வேண்டும். அப்போதுதான் குறைந்த விலையை ஒப்பிடுவதற்குப் பொருள் உண்டு. ஒவ்வொரு டயருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, மாட்டிய நாள், அன்றைய கிலோமீட்டர், கழற்றிய நாள், கழற்றிய காரணம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வந்தால், இரண்டே ஆண்டுகளில் நம் மண்ணுக்கு எது உகந்தது என்பதை அப்பதிவேடே சொல்லும். அதை ஊர் விவசாயிகளும் பார்க்கும்படி வைப்பது நலம்.

பாதையோரம் விழுந்த கருக்குமட்டைகளையும் முள்ளையும் அகற்றுவதும், தேரி வழிகளில் மணல் மூடும் இடங்களைக் கண்டு சரள் பரப்புவதும் ஊராட்சியின் கடமைகளே. ஒரு வண்டிக்கு நல்ல டயர் போட்டால் ஒரு குடும்பம் பயனடையும். ஒரு பாதை செப்பனிடப்பட்டால் அவ்வழிச் செல்லும் ஒவ்வொரு வண்டியின் டயரும் நீடிக்கும். உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் இவ்விரண்டையும் கருத்திற்கொண்டு செயல்பட்டுப் பயன் பெறுவார்களாக.